நீச்சல் குளமும் நாலு கணக்கும்

என் மாப்பிள்ளை சர்ஜாபூர் சாலைக்கு அப்பால் தனி வீடு கட்டியிருக்கிறார். கிரகப்பிரவேசத்திற்குப் போனபோது கொல்லைப்புறத்தில் பெரிய பள்ளம் ஒன்று தோண்டியிருந்தது. "என்ன மாப்பிள்ளை, சம்ப் இவ்வளவு பெரிதா?" என்று கேட்டேன். "இல்லை மாமா, ஸ்விம்மிங் பூல். ஹீட்டரும் வைக்கப் போகிறோம். டிசம்பரில்கூடக் குழந்தைகள் நீந்தலாம்" என்றார். நான் மேற்கொண்டு வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டில் மாமனார் அபிப்பிராயம் சொல்வதில் உள்ள ஆபத்து வாசக அன்பர்கள் அறியாததல்ல. அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அவரும் நம் சங்க உறுப்பினர்தான். இதழ் அவர் வீட்டுக்கும் போகிறது.

நான் 1982-ல் டிப்ளமோ முடித்த கையோடு ரயில்வேயில் சேர்ந்து, கட்டடப் பராமரிப்புப் பிரிவில் 38 ஆண்டுகள் வேலை பார்த்தவன். மேல்தொட்டி, குழாய், பம்ப் இவைதான் என் பிழைப்பு. ஆகவே பள்ளத்தைப் பார்த்ததும் மனம் தானாகவே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் ஒன்றேகால் மீட்டர். மொத்தம் 40,000 லிட்டர். ஒரு ரயில் பெட்டிக்குச் சுமார் 1,800 லிட்டர் தண்ணீர் பிடிப்போம். அந்தக் கணக்கில் இது 22 பெட்டிகள் கொண்ட முழு ரயிலுக்கான தண்ணீர். நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசாங்க அளவுகோல். அப்படிப் பார்த்தால் நாலு பேர் உள்ள குடும்பம் இரண்டரை மாதம் புழங்கும் தண்ணீர். 6,000 லிட்டர் டேங்கர் என்றால் ஏழு நடை.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? காவிரி என்றால், தொரெக்காடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் குழாயில் வந்து, சுமார் 500 மீட்டர் மேலே ஏறுகிறது. அந்த 40,000 லிட்டரை ஏற்ற மட்டும், பம்பின் நஷ்டத்தையும் சேர்த்தால், 70 யூனிட் மின்சாரத்துக்குக் குறையாது. போர்வெல் என்றால், சுற்றியிருக்கும் கிராமத்தார் இறைக்கும் அதே நிலத்தடி நீர்தான். நம் வேலிக்குள் துளை போட்டதால் தண்ணீர் நம்முடையதாகிவிடாது.

2024 மார்ச் மாதத்தை யாரும் மறந்திருக்க முடியாது. எங்கள் தெருவின் போர்வெல் அப்போது வற்றிப்போனது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா டேங்கருக்குக் காத்திருந்தே பல நாள் வேலைக்கு வர முடியாமல் கூலி இழந்தார். நீச்சல் குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தக்கூடாது என்று குடிநீர் வாரியம் தடை போட்டதும் அந்த மாதம்தான். "அதெல்லாம் பழைய கதை, அந்த அக்டோபரிலேயே ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டருக்கு வழி பிறந்துவிட்டதே" என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் அது குடிக்க வழியில்லாதவர்களுக்காக வந்த தண்ணீர்.

இனி ஹீட்டர். குளிர்காலத்தில் தண்ணீர் 22 டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 28 டிகிரிக்குக் கொண்டுவர, சாதாரண மின்சார ஹீட்டர் ஏறக்குறைய 280 யூனிட் தின்னும். காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்துக் கொடுக்கும் ஹீட் பம்ப் என்றால் அதில் நாலில் ஒரு பங்கு போதும். ஒரு தடவையோடு முடிந்துவிட்டால் பரவாயில்லை. சூடாக்கிய தண்ணீர் சும்மா இருப்பதில்லை, ஆவியாகிறது. ஒரு லிட்டர் ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. அதாவது 580 லிட்டரை ஒரு டிகிரி சூடாக்கப் போதுமான வெப்பம். ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் குறைந்தால் 160 லிட்டர் போயிற்று. கூடவே 100 யூனிட்டுக்கு மேல் வெப்பமும் போயிற்று. திறந்த குளத்துக்கு ஹீட்டர் போடுவது, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஏ.சி. போடுவது போலத்தான்.

அதற்காக நீச்சல் குளமே கூடாது என்று சொல்ல வரவில்லை. குளித்தலையில், காவிரியில் நீந்தக் கற்றவன் நான். என் பேரன் நீந்தத் தெரியாமல் வளர்வது எனக்கும் சம்மதமில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். குளத்தில் போடும்போது அளக்க வேண்டாமா?

என் யோசனை இதுதான். குளத்தை மழைநீரால் நிரப்புங்கள். 150 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 340 மில்லிமீட்டர் மழை பெய்தால், சேதாரம் போக 40,000 லிட்டர் கிடைக்கும். செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதத்தில் பெங்களூருக்கு இது பெரும்பாலும் கிடைக்கிற மழைதான். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, மீதியை வடிகட்டிப் பிடிக்க வேண்டும். நிரப்பிய தண்ணீரை மாதாமாதம் திறந்துவிடக் கூடாது. ஃபில்டரும் குளோரினும் சரியாக இருந்தால் வருடக்கணக்கில் அதே தண்ணீர் உழைக்கும். நீந்தாத நேரமெல்லாம் மூடி போட்டு வையுங்கள். ஹீட்டர் வாங்குவதற்கு முன்னால் மூடியை வாங்குங்கள். சூடு வேண்டுமென்றால் கூரையில் கறுப்புக் குழாய்ச் சோலார் போடுங்கள். சூரியன் பில் அனுப்புவதில்லை.

கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வாளி போதும். குளத்துப் படியில் வாளியை வைத்து, வெளியே உள்ள மட்டத்துக்கே உள்ளேயும் தண்ணீர் ஊற்றி, பம்பை நிறுத்தி, ஒரு நாள் விடுங்கள். குளத்தில் வாளியைவிட அதிகமாகக் குறைந்திருந்தால் அது ஆவியாகவில்லை, ஓடிவிட்டது என்று அர்த்தம்.

மழை வரும்வரை பள்ளம் பள்ளமாகவே இருந்தால் யார் வீட்டுக் குடமும் காலியாகாது. மாப்பிள்ளைக்கு என்மேல் கோபம் வந்தால், மகள் சமாதானம் செய்து வைப்பாள். மழைநீர் நிரம்பிய அன்று, மூடியை விலக்கிவிட்டுப் பேரனோடு முதலில் இறங்கப் போவது நான்தான்.