மேகத்தில் விளையாடலாமா?

கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி ஆண்டு மலரில் எழுதப் போகிறோம் என்றதும் எங்கள் வீடுகளில் எழுந்த முதல் கேள்வி, "பத்தாம் வகுப்பில் இது தேவைதானா?" என்பதே. தேவை என்றே நாங்கள் கருதுகிறோம். சொந்தமாக மெஷின் போடுவதா, ஜாப் ஒர்க்குக்குக் கொடுப்பதா என்ற பேச்சு திருப்பூரில் எந்த வீட்டுக்குப் புதிது?

வழக்கமாக விளையாட்டு நம் வீட்டுக் கருவியிலேயே ஓடும். கிளவுட் முறையிலோ அது தொலைவிலுள்ள பெரிய கணினி ஒன்றில் ஓடுகிறது. நமக்கு வருவது படம் மட்டுமே. நாம் பொத்தானை அழுத்தினால் அச்செய்தி அங்கே சென்று, புதிய படம் திரும்பி வர வேண்டும். இதற்குச் சாதாரணக் கைபேசியே போதும். 2021 பிப்ரவரியில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தபோது பிளேஸ்டேஷன் 5-இன் விலை 49,990 ரூபாயாக இருந்தது. பனியன் கம்பெனியில் ஷிப்டு பார்க்கும் பெற்றோரிடம் அதை எந்த வாயால் கேட்பது? ஆகவே 2022-இல் ஜியோவும், 2024-இல் வோடபோன் ஐடியாவும் இத்தகைய சேவையைக் கொண்டுவந்தபோது எங்களில் பலர் மகிழ்ந்ததில் வியப்பில்லை.

ஆயினும் தூரம் என்று ஒன்று இருக்கிறதே! ஒளியிழைக் கம்பியில் செய்தி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். கணினி மும்பையில் இருந்தால் நேர்கோட்டில் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். போய்வர 10 மில்லி விநாடி. படத்தைச் சுருக்கி அனுப்பி, இங்கே விரித்துக் காட்டும் நேரம் வேறு. விநாடிக்கு 60 படம் ஓடும் விளையாட்டில் ஒரு படத்துக்குரிய நேரமே 17 மில்லி விநாடிதான். சதுரங்கத்துக்கு இத்தாமதம் பொருட்டன்று. கிரிக்கெட்டிலோ நாம் மட்டையை வீசுமுன் ஸ்டம்பு பறந்துவிடுகிறது. தோழி ஒருத்தியின் வீட்டில் இதைக் கண்டு வயிறு வலிக்கச் சிரித்தோம். அவளுக்கு மட்டும் அழுகை.

விநாடிக்கு 10 மெகாபிட் என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு நாலரை ஜிபி செலவாகும். நாளுக்கு 2 ஜிபி கிடைக்கும் கைபேசியில் அரை மணி கூடத் தாங்காது. மாதாந்திர மின்தடை நாளில் வீட்டு வைஃபையும் படுத்துவிடும்.

இவற்றை விடப் பெரியது வேறொன்று. கூகுள் நிறுவனம் 2019 நவம்பரில் வெளிநாடுகளில் தொடங்கிய ஸ்டேடியாவை 2023 ஜனவரி 18-ஆம் நாள் மூடிவிட்டது. விளையாட்டுகளை வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது, விளையாட்டுகள் கிடைக்கவில்லை. இதைப் படித்தபோது எங்களுக்கு 2011 நினைவுக்கு வந்தது. நாங்கள் பிறந்திராத காலந்தான், ஆனால் வீட்டில் கேட்டுக் கேட்டு மனப்பாடம். நொய்யல் மாசுபட்டதால் அவ்வாண்டு ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. தவறு பட்டறைகளுடையது, உத்தரவும் நியாயமானது. எனினும் சாயத்துக்குப் பிறரையே நம்பியிருந்த சிறு கம்பெனிகள் நெய்த துணியை வைத்துக்கொண்டு வெளியூருக்கு அலைந்தன. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை!

அதற்காக ஜாப் ஒர்க்கே கூடாது என்று திருப்பூரில் யாரும் சொல்லமாட்டார்கள். அது இல்லாமல் இவ்வூர் ஒரு நாளும் ஓடாது. கிளவுட் விளையாட்டையும் நாங்கள் அப்படித்தான் பார்க்கிறோம். வாங்க வசதியில்லாதவர்க்கு அது வரட்டும். ஆனால் மிகவும் பிடித்த ஒரு விளையாட்டாவது நம் கருவியிலேயே, இணையம் இல்லாமலும் ஓடுவதாக இருக்கட்டும்.

பொதுத்தேர்வு முடியும்வரை எங்கள் வீடுகளில் இரண்டுமே அம்மாவின் பீரோவுக்குள்தான் என்பது வேறு விஷயம்.