ஆறாம் வகுப்பின் காலைப் பசி

வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்து க்ஷத்ரிய வித்தியாசாலையை நடத்திய ஊர் விருதுநகர். அங்கே பயின்று, தந்தையை இழந்து, இளம் பிராயத்திலேயே படிப்பை விட்ட காமராஜர், பின்னாளில் முதலமைச்சராகிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவளித்தது நாடறிந்த சரித்திரம். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் விருதுநகர் ஜில்லா பல முறை முதலிடம் பெற்றதைப் பெருமையோடு பேசும் நாம், அதற்கு வெகு முன்பே, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் தளர்ந்து பின்தங்கும் பிள்ளைகளைப் பற்றி அத்தனை சிரத்தையோடு பேசுவதில்லை.

தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் சிறுவர் கைகளை நம்பியிருந்த, இதே ஜில்லாவின் சிவகாசி வட்டாரத்தில், 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், 2010-இல் அமலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டமும் பிள்ளைகளைப் பள்ளிப் பக்கம் திருப்பின. ஆயினும் தாயும் தகப்பனும் பொழுது புலர்ந்ததும் ஆலை வண்டி ஏறிவிடும் வீட்டில், பன்னிரண்டு வயதுப் பெண் தம்பிக்குத் தலை வாரி, அவனை அழைத்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வருகிறாள். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கும்படி வகுக்கப்பட்டமையால், ஒரே நடுநிலைப் பள்ளியில் தம்பி உண்ண, அக்காள் பார்த்திருக்கும் நிலை நேர்ந்தது. இது தர்மமாகாது.

தனியார் பள்ளி வேன் கிராமத்து முனை வரை வரும் காலத்தில், அரசுப் பள்ளியில் சேர்க்கை குறைந்ததென்று தலைமையாசிரியரைக் கடிந்துகொள்வதில் பிரயோஜனமில்லை. பெற்றோர் விசாரிப்பதெல்லாம் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் உண்டா, கழிப்பறையில் தண்ணீர் வருமா என்பவற்றையே. எட்டாம் வகுப்பு வரை காலை உணவையும், பாடத்துக்கு ஓர் ஆசிரியரையும் சர்க்கார் முதலில் உறுதி செய்யட்டும். பட்டாசு, அச்சுத் தொழிலதிபர்கள் தத்தம் ஆலைக்கு அருகிலுள்ள அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவை இந்த மாதமே சந்தித்துக் குறைகளைக் கேட்டறியுமாறு வேண்டிக்கொள்கிறேன்.