சித்த மருத்துவமும் பொதுநலமும்

மருந்து என்னும் பெயரால் ஓர் அதிகாரமே வகுத்த திருவள்ளுவர், மருத்துவத்தின் கூறுகள் நான்கு என்றார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுவோர் என்பன அவை. மருந்து எந்நாட்டில் தோன்றியது, எக்காலத்தில் தோன்றியது என்னும் வினாக்களை அவர் எழுப்பினாரல்லர். நோய் தீர்தலே அவர் கருத்து.

இக்காலத்திலோ, சித்த மருத்துவத்தைப் பொது மருத்துவத்தோடு இணைப்பது பற்றிப் பேச்செழுந்தால், இரு சாரார் வழக்காடுகின்றனர். பழமையானது ஆதலின் முழுதும் மெய் என்பர் ஒரு சாரார். பழமையானது ஆதலின் முழுதும் பொய் என்பர் மற்றொரு சாரார். இருவரும் மருந்தின் வயதை எண்ணுகின்றனரேயன்றி அதன் பயனை அளந்து பார்த்தாரல்லர்.

சித்த மருத்துவத்திற்கு அரசு இடமே அளிக்கவில்லை என்று கூறுதல் பொருந்தாது. சென்னை மாகாணத்தில் 1921ஆம் ஆண்டிலேயே, நாட்டு மருத்துவ முறைகளை ஆராய, முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. பாளையங்கோட்டையில் 1964ஆம் ஆண்டில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தோன்றியது. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இன்று அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவுகள் உள்ளன. எனவே, இடம் கிடைத்துவிட்டது. அவ்விடத்திற்குரிய பொறுப்பு யாது என்பதே இனி நாம் எண்ணத்தக்கது.

முதற்பொறுப்பு, சோதனைக்கு உடன்படுதல். சீன நாட்டு அறிவியலார் தூ யூயூ அம்மையார், மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து தேடியபொழுது பழைய மருத்துவ நூல்களை ஆராய்ந்தார். ஒரு மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து பருகுமாறு ஒரு நூல் கூறியிருந்தது. காய்ச்சினால் அதன் ஆற்றல் கெடும் போலும் என உய்த்துணர்ந்த அவர், குறைந்த வெப்பத்தில் சாறு எடுத்து வெற்றி கண்டார். 2015ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். பழைய நூல் வழிகாட்டியது, சோதனை மெய்ப்பித்தது. பயன்படாத சாறுகள் பலவற்றை அதே சோதனை விலக்கவும் செய்தது.

நம் சித்தர் நூல்களில் சொற்கள் பல மறைபொருள் உடையன. பாதரசம் முதலியவற்றைச் சேர்த்துச் செய்யும் மருந்துகளும் அவற்றில் உள. ஒரு சொல்லைப் பிழைபட உணரினும், ஒரு பக்குவம் தவறினும், மருந்தே நஞ்சாகும். ஆதலின் தமிழறிஞர் பொருளை ஆராய்தலும், ஆய்வுக்கூடத்தார் அளவை ஆராய்தலும் ஒருங்கே நிகழ வேண்டும்.

இரண்டாம் பொறுப்பு, தன் எல்லையை அறிதல். என் இளமையில் எங்கள் ஊரில் முதிய வைத்தியர் ஒருவர் இருந்தார். ஓர் இரவு, வயிற்றுவலியால் துடித்த என் தம்பியை அவரிடம் தூக்கிச் சென்றோம். அவர் நாடி பார்த்தார். வயிற்றின் வலப்பக்கத்தை மெல்ல அழுத்திப் பார்த்தார். "இதற்கு என்னிடம் மருந்து இல்லை. அறுவை செய்ய வேண்டியிருக்கும். விடியும்வரை காத்திராதீர்கள், நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்" என்றார். மாட்டுவண்டியில் விரைந்தோம், தம்பி பிழைத்தான். தம்மால் இயலாது என்று அன்று அவர் சொன்ன சொல்லே, அவர் தந்த மருந்துகள் அனைத்தினும் சிறந்தது என்பேன்.

அன்று ஒரு தனிமனிதரின் நேர்மையால் நிகழ்ந்தது, இனி நாட்டின் ஒழுங்காக அமைதல் வேண்டும். ஒரே மருத்துவமனையில் இரு முறையினரும் இருத்தல் வேண்டும். நோயாளியின் குறிப்பேட்டை இருவரும் படித்தல் வேண்டும். தமக்கு இயலாததை மற்றவரிடம் நாணமின்றி ஒப்படைத்தல் வேண்டும்.

மாணவர்களே! முன்னோர் தேடிய செல்வத்தை உரைத்துப் பாராமல் புகழ்தலும், உரைத்துப் பாராமல் எறிதலும் ஒரே பிழையின் இரு பக்கங்களாம். பொன்னாயின் உரைகல்லுக்கு அஞ்ச வேண்டுவதில்லை.