நாவலுக்கும் நன்னடத்தைச் சான்றிதழா?



பள்ளி விடுமுறையில் ப. சிங்காரம் எழுதிய 'புயலிலே ஒரு தோணி' நாவலை ஒருவழியாக முழுமையாகப் படித்து முடித்தேன். பயிற்சி ஆசிரியராக இருந்த காலத்தில் ஐம்பது பக்கத்தோடு மூடி வைத்த நூல் இது. இம்முறை கீழே வைக்க மனம் வரவில்லை. அந்த மகிழ்ச்சி ஆறுமுன்பே, மாதந்தோறும் ஆசிரியர்களும் பெற்றோர் சிலரும் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில், அடுத்த நூலாக இதனை எடுத்துக்கொள்ளலாமே என்று சொன்னேன். சொன்னதுதான் தாமதம்!

"தம்பி, அதில் கதாநாயகன் குடிக்கிறான், விலைமகளிர் வீட்டுக்குப் போகிறான், ஆளையும் கொல்கிறான். ஆசிரியர் படிக்கக்கூடிய புத்தகமா அது?" என்றார் பணி ஓய்வு பெற்ற மூத்தவர் ஒருவர். "சார், அந்தத் தமிழைப் பார்த்தீர்களா? பாதி மலாய், மீதி கடைத்தெருப் பேச்சு. போதாததற்குத் தமிழையே கேலி செய்கிறான்" என்றார் உடன் பணியாற்றும் ஆசிரியை. மாணவி ஒருத்தியின் தந்தை மட்டும் பொறுமையாக, "படித்தால் என்ன படிப்பினை கிடைக்கும், சார்?" என்று கேட்டார். முடிவில் தன்முனைப்பு நூல் ஒன்று ஒருமனதாகத் தேர்வாயிற்று. நானும் கை தூக்கினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அன்று சொல்லாமல் விழுங்கியதை இங்கே எழுதிவிடுகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சில செய்திகள். சிங்காரம் 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938-இல், பதினெட்டு வயதில், சுமத்திராவின் மெடான் நகருக்குக் கடை வேலைக்குக் கப்பலேறினார். போர் முடிந்து 1946-இல் ஊர் திரும்பினார். பின்னர் மதுரையில் தினத்தந்தி நாளிதழில் பணியாற்றினார். 1997-இல் மறைந்தார். எழுதிய நாவல்கள் இரண்டே இரண்டு. 1959-இல் வெளிவந்த 'கடலுக்கு அப்பால்' பினாங்கில் நடக்கும் கதை. 1972-இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி' மெடானுக்கும் பினாங்குக்கும் இடையே, அதாவது நம் மலாக்கா நீரிணையின் இரு கரைகளிலும் நடக்கும் கதை. சப்பானியர் 1942 மார்ச்சில் மெடானுக்குள் நுழைவதில் தொடங்கி, வட்டிக்கடைகள், தொங்கான் பயணம், பினாங்கின் செட்டித் தெரு, இந்திய தேசிய இராணுவம், டச்சுக்காரரை எதிர்த்த இந்தோனேசியரின் போர் என்று விரிகிறது. நம் தாத்தாக்கள் வாழ்ந்த காலம், நடந்த தெரு, கடந்த கடல். இதைத்தான் நாம் வாசலிலேயே நிறுத்தி வைத்தோம்.

முதலில் கதாநாயகன் பாண்டியனின் ஒழுக்கத்தைப் பார்ப்போம். குடிக்கிறான், உண்மைதான். விலைமகளிரிடம் செல்கிறான்; அதுவும் உண்மைதான். கணக்கு எழுதிப் பிழைக்க வந்த ஓர் இளைஞனைப் போர் எடுத்து என்ன செய்தது என்பதே அந்த நாவல். அவனை நல்ல பிள்ளையாக வார்த்திருந்தால் அந்தப் போர் பொய்யாகிப் போயிருக்கும். நம் தலைமுறை ஆசிரியர்கள் பலரும் மு.வ.வின் நூல்களைப் படித்து வளர்ந்தவர்கள். 1961-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற 'அகல் விளக்கு' இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. கெட்டுப்போகும் சந்திரனையும் நிதானமாக நடக்கும் வேலய்யனையும் அருகருகே நிறுத்தி, யாரைப் பின்பற்ற வேண்டும் என்று அது நமக்குத் தெளிவாகச் சொல்கிறது. அது ஒருவகை நாவல். அதற்கு நான் கடன்பட்டவன். ஆனால் எல்லா நாவலும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது எங்கிருந்து வந்த சட்டம்? பாண்டியனைப் பின்பற்றுமாறு சிங்காரம் எந்தப் பக்கத்திலும் நம்மிடம் கேட்கவில்லை. பின்பற்றுவதற்கு ஆள் தேடிக்கொண்டு நாவலுக்குள் நுழைவது நம் பழக்கம்.

இந்தப் பழக்கத்தை ஊட்டியவர்கள் நாமே. எந்தக் கதையைச் சொன்னாலும் அதன் இறுதியில், 'இக்கதையின் வழி நாம் பெறும் படிப்பினை யாது?' என்று கேட்கிறோம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ஒழிக்கப்பட்டது. தேர்வு போயிற்று, அந்தக் கேள்வி போகவில்லை! என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். சயாம்-பர்மா ரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்டு, வீடு திரும்பாமலே போன ஒரு தோட்டத் தொழிலாளியின் கதையை ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொன்னேன். 415 கிலோமீட்டர்ப் பாதை. 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தபோது, காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மடிந்த ஆசியத் தொழிலாளர்கள் பல்லாயிரவர். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். கதை முடிந்ததும் வழக்கம்போல் படிப்பினை எழுதச் சொன்னேன். 'விடாமுயற்சியுடன் உழைத்தால் எச்செயலையும் முடிக்கலாம்' என்று எழுதியிருந்தான் ஒரு சிறுவன். அழகான கையெழுத்து, ஒற்றுப்பிழை இல்லை. சிவப்பு மையால் சரி போட்டேன். அன்று இரவு படுக்கையில்தான், எதற்குச் சரி போட்டேன் என்பது உறைத்தது. அந்தப் பிள்ளை மேல் தவறில்லை. செத்தவனிடமும் படிப்பினை வாங்கக் கற்றுக்கொடுத்தவன் நான்.

அடுத்து, மொழி. இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே வருகிறது. அந்த நாவலில் வட்டிக்கடைக்காரர்கள் வட்டிக்கடைத் தமிழ் பேசுகிறார்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று அந்தத் தொழிலின் படிநிலையே சொற்களில் இருக்கிறது. தவுக்கே வருகிறார், துவான் வருகிறார், டச்சுக்காரர் வைத்த 'மொஸ்கி ஸ்ட்ராட்' என்ற தெருப்பெயர் வருகிறது. தொங்கான் என்ற சொல்லைப் பாருங்கள். இந்த நீரிணையில் சரக்கு ஏற்றிச் சென்ற மரக்கலத்தின் பெயர் அது. அதை நீக்கிவிட்டுப் 'படகு' என்று எழுதினால் தமிழ் தூய்மையாகிவிடும். கடல் காணாமற் போய்விடும்.

நான் தூய தமிழுக்கு எதிரி அல்லன். மாணவர் கட்டுரையில் தேவையின்றி ஆங்கிலம் புகுந்தால் இன்றும் வட்டமிடுவேன். ஆனால் சென்ற ஆண்டு ஒரு மாணவி, தன் பாட்டியைப் பற்றிய கட்டுரையில், 'பாட்டி விடியுமுன் பெரட்டுக்குப் போவார். மங்குகளில் வடிந்த பாலைச் சேர்ப்பார். தம்பியை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வார்' என்று எழுதியிருந்தாள். பெரட்டையும் மங்கையும் வட்டமிட்டுக் கொச்சை என்று குறித்தேன். அவள் திருத்தி எழுதி வந்த கட்டுரையில் பாட்டி இல்லை. 'ஒரு மூதாட்டி பணிக்குச் செல்வார்' என்று இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயன் வீடுகள் இடிக்கப்பட்டு, அங்கிருந்தவர்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போன பிறகு, அந்த வாழ்க்கையில் மிஞ்சியிருப்பது இந்தச் சொற்கள்தாம். அவற்றை அழிப்பதற்கு அரசாங்கம் தனியே ஆள் வைக்கத் தேவையில்லை. நம் சிவப்பு மை போதும்.

தமிழைக் கேலி செய்கிறான் என்ற குற்றச்சாட்டும் வந்தது. ஆம், பாண்டியனும் அவன் நண்பர்களும் தமிழர் பெருமையைத் தாறுமாறாகக் கிழிக்கிறார்கள். நானும் முதல் வாசிப்பில் முகம் சுளித்தேன். ஆனால் பழந்தமிழ் நூல்களில் தோய்ந்தவனால்தான் அப்படிக் கேலி செய்ய முடியும். பண்டைப் புலவர்களின் நடையை வேண்டிய இடத்தில் எடுத்தாண்டு, வேண்டாத இடத்தில் கவிழ்த்துப் போடுகிறார் சிங்காரம். நாமோ பேச்சுப் போட்டி மேடைகளில் பிள்ளைகளைத் தொண்டை கிழிய முழங்கச் செய்கிறோம். மூத்த மொழி, முதல் மொழி, மூவேந்தர் வளர்த்த மொழி! நான் நடுவராக அமர்ந்த ஒரு போட்டியில், முழங்கி முடித்துப் பரிசும் வாங்கிய மாணவனிடம், "உன் பாட்டன் எந்த ஊரிலிருந்து இந்நாட்டுக்கு வந்தார், ஐயா?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அருகில் நின்ற அவன் தந்தைக்கும் தெரியவில்லை. இராசேந்திர சோழன் கடாரத்துக்கு வந்தது மட்டும் இருவருக்கும் தெரிந்திருந்தது.

இந்நூலில் குறையே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. பெண்கள் யாவரும் ஆண்களின் கண்வழியாகவே தெரிகிறார்கள். தம் மனத்தைத் திறந்து பேசும் பெண் ஒருத்தியும் என் நினைவில் நிற்கவில்லை. பிற்பகுதியில் பாண்டியன் எடுத்த காரியம் யாவும் முடிப்பது சில இடங்களில் திரைப்படம்போல் இருக்கிறது. குடிமயக்கப் பேச்சுகளைப் பாதியாகச் சுருக்கியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பால்மரம் சீவிய நம் மக்கள் இந்த நாவலின் நடுவில் இல்லை. இது கடைக்காரர்களின் போர். தோட்டத்துப் போரைப் படிக்க வேண்டுமானால் நம் நாட்டு எழுத்தாளர்களிடம்தான் வர வேண்டும். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' இரண்டும் அந்த ரயில் பாதையைப் பற்றிய நாவல்கள். சிங்காரத்தின் எள்ளலையோ வீச்சையோ இவற்றில் எதிர்பார்க்க வேண்டா. ஆனால் மாண்டவர்களுக்கு இவை செய்யும் மரியாதை வேறு எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. தோட்டத்துப் பேச்சை அப்படியே கேட்க விரும்புவோர் சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' நாவலை எடுக்கலாம். அதைப் பற்றித் தனியே எழுத எண்ணியுள்ளேன்.

பெற்றோர்கள் பதற வேண்டா. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் 'புயலிலே ஒரு தோணி'யைக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை, கொடுக்கவும் கூடாது. நான் கேட்பது உங்களை. ஆசிரியர்களாகிய எங்களை. பிள்ளைகளுக்கு ஏற்றதா என்ற ஒரே சல்லடையில் நம் வாசிப்பையும் சலித்துச் சலித்து, நாற்பது வயதிலும் ஆறாம் ஆண்டு மாணவர்களாகவே நின்றுவிட்டோம். பாடநூலும் தன்முனைப்பு நூலும் மட்டுமே படிக்கும் ஆசிரியர், கதை என்றால் படிப்பினை என்றுதானே கற்பிப்பார்? அவரிடம் படித்த பிள்ளை, இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் தமிழ்ப் புத்தகத்தைத் தொடாததற்குக் கைப்பேசியை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

அடுத்த கூட்டத்திற்கு நாவலின் இரண்டு படிகளை எடுத்துச் செல்கிறேன். ஒன்று அந்த மூத்தவருக்கு. 'குடிக்கிறான், கொல்கிறான்' என்று சொன்னாரே தவிர, நூலை இறுதிவரை படித்ததாக அவர் சொல்லவில்லை. மற்றொன்று முதலில் கேட்பவருக்கு. தொடக்கத்தில் ஊர்ப்பெயர்களும் தெருப்பெயர்களும் மிரட்டும். பக்கத்தில் ஒரு வரைபடத்தை வைத்துக்கொள்ளுங்கள். தொங்கான் புயலில் சிக்கும் இடம்வரை வந்துவிட்டால், பிறகு நான் சொல்ல வேண்டியிராது. படியைத் திருப்பித் தரும்போது பென்சிற் குறிப்புகளை அழிக்காமல் தாருங்கள்.