உள்நோயாளிகளிடம் போதைப் பழக்கத்தைக் கேட்டறிதல்: நிலைப்பாட்டு அறிக்கை

பழநி அரசு மருத்துவமனையிலும் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் உள்நோயாளியாகச் சேரும் வயதுவந்தோர் அனைவரிடமும் மது, கஞ்சா, வலிநிவாரணி மாத்திரை ஆகியவற்றின் பழக்கத்தைக் கேட்டறிவது, இரத்த அழுத்தம் பார்ப்பதைப் போல வழக்கமான பணியாக வேண்டும் என்பது பாலசமுத்திரத்தில் இயங்கும் இம்மக்கள் நல அமைப்பின் நிலைப்பாடு.

நோயாளியின் உயிர்ப் பாதுகாப்பே இதற்கு முதற்காரணம். நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்த ஒருவர் எலும்பு முறிவுக்காகச் சேர்க்கப்பட்டு, குடி திடீரென நின்றுபோகும்போது, முதல் இரு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். அதைத் தொடர்ந்து, நடுக்கம், காய்ச்சல், மனக்குழப்பம், இல்லாதவை கண்ணுக்குத் தெரிதல் ஆகியவை ஒருங்கே சேர்ந்த ‘டெலீரியம் ட்ரெமென்ஸ்’ என்னும் நிலை தோன்றி உயிரையே பறிக்கலாம். சேர்ந்த அன்றே கேட்டறிந்து மருந்து தொடங்கினால் பெரிதும் தடுக்கத்தக்க இந்நிலையை, கேட்கத் தயங்கி வரவிடுவது சிகிச்சையின் குறையே அன்றி நோயாளியின் குற்றம் ஆகாது.

எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சார்பு சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சையோ உதவியோ பெற்றிருந்தார். மறுவாழ்வு மையத்தின் வாசலை மிதிக்கக் கூசுபவரும் கால் முறிந்தால் மருத்துவமனைக்கு வந்தே தீர வேண்டியிருப்பதால், அவ்வாய்ப்பை நழுவவிடலாகாது.

கேட்டறிதல் என்பது உலகச் சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘அசிஸ்ட்’ போன்ற எட்டு வினாக்கள் கொண்ட படிவத்தைக் குறிக்கிறதே தவிர, சிறுநீர்ச் சோதனையை அன்று. அச்சோதனை அண்மைய பயன்பாட்டைக் காட்டுமேயன்றி அடிமைத்தனத்தின் அளவைக் காட்டாது. ஒப்புதலின்றிக் கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதித்து முடிவைக் காவல்துறைக்கு அளித்த சார்ல்ஸ்டன் நகர மருத்துவமனையின் நடைமுறை, அரசமைப்புச் சட்டத்திற்கு முரணானது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001இல் கொண்ட முடிவு இங்கும் நினைக்கத்தக்கது. போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் உள்ளடக்கிய 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் தகவலுக்கு இரகசியக் காப்பை உரிமையாக அளிப்பதால், விடைகள் சிகிச்சைப் பதிவேட்டைத் தாண்டிக் காவல் நிலையத்திற்கோ வேலை தருபவருக்கோ போகக் கூடாது. உடன் வந்த உறவினர் முன்னிலையில் வினவுவதும் கூடாது.

கேட்டபின் உதவ எவரும் இல்லாத வார்டில் வினாப் படிவத்தை மட்டும் புகுத்துவதை இவ்வமைப்பு ஆதரிக்கவில்லை. மனநல மருத்துவர் வார்டுக்கு வந்து பார்ப்பதும், வீடு திரும்பும்போது தரும் சீட்டில் மறுசந்திப்பு நாளுடன் 14416 என்னும் டெலி மனஸ் உதவி எண்ணைக் குறித்துத் தருவதும் இத்திட்டத்துடன் சேர்ந்தே தொடங்க வேண்டும்.