தூண்டில் ஈயும் தையல் வகுப்பும்



பத்தாம் வகுப்புக்கு வந்ததும் எங்களுக்குக் கைவேலை வகுப்பு நின்றுவிட்டது. அந்த நேரம் கணக்குக்குப் போய்விட்டது. “ஊசியும் நூலும் மதிப்பெண் தருமா?” என்று பலர் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சென்ற விடுமுறையில் உதகையில் உள்ள பெரியப்பா வீட்டிற்குச் சென்றபோது அந்த எண்ணம் மாறியது.

பெரியப்பாவுக்கு டிரவுட் மீன் பிடிப்பதில் ஆர்வம் அதிகம். இம்மீன் நம் நாட்டிற்கு உரியதன்று, ஆங்கிலேயர் கொண்டுவந்தது. இதற்கெனவே 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். இதைப் பிடிக்கப் பெரியப்பா புழுவைக் கோப்பதில்லை. நூல், இறகு, ஃபோம் ஆகியவற்றால் முள்ளின்மேல் பொய்ப் பூச்சி கட்டுகிறார்.

அதற்கு முதலில் உண்மைப் பூச்சியை அறியவேண்டும். மேஃப்ளை என்னும் பூச்சி இளம்பருவத்தை நீரடியில் கழிக்கிறது. பிறகு மேலே வந்து, நீர்ப்பரப்பில் தோலைக் கிழித்துக்கொண்டு சிறகுடன் வெளிவருகிறது. பாதி உடல் நீருக்குள்ளும் பாதி வெளியிலுமாக இருக்கும் அந்த வேளையில் அதனால் பறக்கவும் முடியாது, மூழ்கி ஒளியவும் முடியாது. டிரவுட் காத்திருப்பது அந்த நொடிக்குத்தான். பெரியப்பா கட்டுவதும் அந்த நிலையிலுள்ள பூச்சியையே.

முள்ளைச் சிறு பிடிகருவியில் இறுக்கி, நூலை நெருக்கமாகச் சுற்றவேண்டும். வால்பக்கம் உரிந்த தோலைப் போல ஓரிரு இழைகள்; நடுவில் மெல்லிய உடல்; தலைப்பக்கம் மடித்துக் கட்டிய ஃபோம் துண்டு. பஞ்சு நீரைக் குடிக்கும். இந்த ஃபோமின் காற்றறைகள் மூடியிருப்பதால் நீர் உள்ளே புகாது. அதனால் தலை மிதக்கும், உடல் நீருக்குள் தொங்கும். பெரியப்பா பழைய செருப்பின் ஃபோமையே வெட்டிப் பயன்படுத்தினார்!

நானும் ஒன்று கட்டினேன். அழகாக இருக்கட்டும் என்று நூலை மேலும் மேலும் சுற்றினேன். வாளித் தண்ணீரில் போட்டதும் அது நேராக அடிக்குப் போய்விட்டது. “அழகு உன் கண்ணுக்கு இல்லையம்மா, கீழிருந்து பார்க்கும் மீனின் கண்ணுக்கு” என்று பெரியப்பா சிரித்தார். நான்காவது பூச்சிதான் மிதந்தது. புத்தகத்தில் படித்த அடர்த்தியும் பூச்சியின் வளர்ச்சிப் பருவங்களும் அன்றுதான் என் விரல்களுக்குப் புரிந்தன.

இது ஆண்களின் பொழுதுபோக்கு என்று எண்ணவேண்டாம். 1496-இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் ஒன்று பன்னிரண்டு பொய்ப் பூச்சிகளை விவரிக்கிறது. அதை எழுதியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் கன்னியர் மடத்துத் தலைவி என்பது வழிவழி வரும் செய்தி. ஆய்வாளர் சிலர் ஐயுறுகின்றனர். ஸ்காட்லாந்தின் மேகன் பாய்ட் அம்மையாரைப் பற்றி ஐயமே இல்லை. சால்மன் மீனுக்கான பூச்சிகளைக் கட்டியே உலகப்புகழ் பெற்ற அவருக்கு 1971-இல் அரசப் பதக்கம் வழங்கப்பட்டது. அன்று தம் நாயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அரண்மனைக்குப் போகவில்லையாம்!

“மீனை ஏமாற்றுவது நல்லதா?” என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். பெரியப்பா தம் முள்ளின் எதிர்க்கொக்கியை நசுக்கிவிடுகிறார். கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொட்டு, உடனே நீரில் விடுகிறார். அப்படியும் மீனுக்கு வலிக்காது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆகவே நான் தூண்டில் போடவில்லை. பூச்சி கட்டுவதை மட்டும் விடமாட்டேன்.

கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தவறு செய்தால் கணக்கில் சிவப்பு மையில் குறி விழுகிறது. கைவேலையிலோ தவறு நம் கண்முன்னே மூழ்குகிறது. இரண்டு பாடமும் வேண்டும். ஆகவே பெரியோர்களே, வாரத்தில் ஒரே ஒரு மணி நேரமாவது எங்கள் கைவேலை வகுப்பை எங்களுக்குத் திருப்பித் தாருங்கள் என்று பணிவுடன் வேண்டுகிறேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு