பிள்ளைகளுக்கு வகை ஒட்டாதீர்கள்

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், படித்தும் எழுதியும் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகள் நான்கு வகையாம். அவரவர் வகைப்படி நடத்தினால் பாடம் நன்றாக ஏறுமாம். பி.எட். வகுப்பில் தொடங்கி ஆசிரியர் பயிற்சி முகாம்வரை இதை வேதம்போல் ஒப்பிக்கிறார்கள். பெற்றோரும் "எம்பொண்ணு விஷுவல் லேர்னர் சார்" என்று சொல்லப் பழகிவிட்டார்கள். இதற்குச் சான்று இல்லை. சான்று கேட்கச் சொல்லித்தரும் அறிவியல் வகுப்புக்குள் நாமே இதைக் கூட்டிவருவது எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த நால்வகையை ஒரு வினாப்பட்டியலோடு 1992-இல் முன்வைத்தவர் நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங். பிள்ளைக்கு எது பிடிக்கும் என்பதை அந்தப் பட்டியல் காட்டக்கூடும். பிடித்த வழியில் நடத்தினால் கூடுதலாகக் கற்பார்களா என்பது வேறு கேள்வி. அதைச் சோதிக்க வழி உண்டு. 'பார்த்துக் கற்பவர்களில்' பாதிப்பேருக்குப் படமாகவும் மீதிப்பேருக்குப் பேச்சாகவும் நடத்த வேண்டும். 'கேட்டுக் கற்பவர்களுக்கும்' அப்படியே. கடைசியில் எல்லோருக்கும் ஒரே தேர்வு. முன்னவர் படத்தாலும் பின்னவர் பேச்சாலும் அதிகம் தேறினால் கொள்கை நிற்கும். ஹெரால்டு பாஷ்லரும் இன்னும் மூன்று உளவியலாளர்களும் 2008-இல் பழைய ஆய்வுகளை இப்படி உரசிப் பார்த்தார்கள். முறையாக நடந்த ஆய்வுகளே மிகச் சில. அவற்றிலும் பல இந்தக் கொள்கைக்கு எதிராகவே இருந்தன. அதற்குப் பிறகும், 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் பிரிட்டன் ஆசிரியர்களில் 93 விழுக்காட்டினர் இதை நம்பினார்கள்.

எந்தப் புலனைக் கொண்டு கற்பது என்பதைப் பெரும்பாலும் பாடம்தான் முடிவு செய்கிறது. கம்பியை இறுக்கினால் சுருதி ஏறுவதைக் கேட்டால்தான் விளங்கும். பல்பும் பேட்டரியும் ஒரு வயரும் கையில் கிடைத்து, எரியாமல் தவித்து, எரிந்த பிறகுதான் மின்சுற்று புரியும். இது 'செய்து கற்பவர்களுக்கு' மட்டும் உரிய சலுகையா?

இந்த முத்திரை யார் நெற்றியில் விழுகிறது என்றும் பாருங்கள். வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு, பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு, 'இவன் கையால கத்துக்கறவன்' என்று பெயர் வைக்கிறோம். பிறகு அவனுக்கு வாசிக்கச் சொல்லித்தரும் பொறுப்பிலிருந்து நழுவிக்கொள்கிறோம். நேற்றுவரை அவனை மக்கு என்றோம், இன்று அதையே நயமாகச் சொல்கிறோம். கோபம் வரத்தான் செய்கிறது.

பிள்ளைகள் ஒரே அச்சில் வார்த்தவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. வேற்றுமை உண்டு, ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது. முதலாவது, ஏற்கெனவே மனத்தில் உள்ள எண்ணம். செடி தன் உடம்பை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது என்று நம்பும் பிள்ளையிடம் ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டை எத்தனை வண்ணப் படமாகக் காட்டினாலும் அந்த நம்பிக்கை அசையாது. உரம் போட்டால் பயிர் செழிப்பதை அந்தப் பிள்ளை வயலில் கண்ணால் கண்டிருக்கிறது. அதனிடம் வான் ஹெல்மான்ட் என்ற பழைய கால ஆய்வாளரின் கதையைச் சொல்ல வேண்டும். அவர் 200 பவுண்டு மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டு தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்தது ஏறக்குறைய இரண்டு அவுன்ஸ். எல்லாம் தண்ணீரால் வந்தது என்று முடிவு கட்டினார். காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. அவர் எங்கே தவறினார் என்று பிள்ளைகளைத் தேடவிட்டால் வகுப்பில் வாதம் கிளம்பும்.

இரண்டாவது, மொழி. ஐந்தாம் வகுப்புவரை தமிழில் படித்து ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறிய பிள்ளை தடுமாறுவது அறிவியலில் அல்ல, சொல்லில்.

மூன்றாவது, பார்வை, கேட்கும் திறன் போன்ற உடல் சார்ந்தவை. கண் தெரியாத பிள்ளைக்குத் தொட்டறியும் படமும் மாதிரியும் தருவது 'கற்றல் பாணி' அல்ல, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நம்மேல் வைத்த கடமை. கீரட் வெர்மேய் மூன்று வயதில் பார்வை இழந்தவர். சிப்பி ஓடுகளை விரலால் வருடி, நண்டு தாக்கிய தழும்புகளைப் படித்து, பரிணாமம் பற்றி உலகம் மதிக்கும் ஆய்வுகள் செய்தார். ஓடுகளைக் கையில் கொடுக்காமல், இது பார்த்துப் படிக்கும் பாடம் என்று ஒதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அடுத்த பயிற்சி முகாமில் அந்த வினாப்பட்டியலை விநியோகிக்க வேண்டாம். அந்த நேரத்தில், ஒரு பல்பை எரியவைக்க வயரை எங்கெங்கே தொடவேண்டும் என்று பாடம் தொடங்குமுன் பிள்ளைகள் வரையும் படங்களை ஆசிரியர்கள் உட்கார்ந்து படிக்கட்டும். எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்பது அதில் தெரியும்.